கோட்டுக்குள் இருந்தவன்

ஜூன் 10

என் பெயர் பொன்னுரங்கம். இதை நானே எழுதினேன்.

ஜூன் 11

நேற்று எழுதியதை இன்று காலையில் எடுத்துப் பார்த்தேன். அப்படியே இருக்கிறது. எங்கேயும் போகவில்லை.

ஜூன் 14

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மாலையில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடக்கிறது. அதில் ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாம் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். தினமும் நாலு வரி எழுத வேண்டும் என்று ஹேமாவதி டீச்சர் சொல்லியிருக்கிறார். எதைப் பற்றி எழுதுவது என்று கேட்டேன். "சாப்ட்டத எழுதுங்க தாத்தா" என்றார். நான் பட்டாளத்தில் சமையல்காரனாக இருந்தவன். சாப்பாட்டைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நோட்டு தீர்ந்துவிடும்.

இன்று பெருங்காய டப்பாவைப் படித்தேன். உள்ளே கோதுமை மாவும் கலந்திருக்கிறதாம். டப்பாவிலேயே போட்டிருக்கிறான், ஒளிக்கவில்லை. ஓடிப்போய் என் மனைவி கன்னியம்மாவிடம் சொன்னேன்.

"இவ்ளோ வருசம் வாசனையா இருந்துச்சி இல்ல? அத்தப் படிச்சி இன்னாத்துக்குய்யா கெடுக்குற?" என்றாள்.

"நீயும் வகுப்புக்கு வாமே."

"ஒரு வூட்டுக்கு ஒரு பைத்தியம் போதும்."

ஜூன் 23

இன்று நிறைய எழுத வேண்டும். கை வலித்தாலும் எழுதுவேன்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போனவர். டீக்கடையில் உட்கார்ந்தால் எல்லாரும் பழைய சிப்பாய்கள்தான். கன்னியம்மாவின் தம்பி கஜபதி சுபேதாராக ஓய்வு பெற்றவர். புதிதாக வந்திருக்கும் போஸ்ட் மாஸ்டருக்கு எங்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்தார். என்னிடம் வந்ததும் தோளில் கை போட்டார்.

"இவரு எங்க மாமா. இவரும் எழுபத்தோராம் வருச யுத்தத்துல காயம்பட்டவருதான் சார். எதிரி யாரு தெரியுமா? மண்ணெண்ண ஸ்டவ்வு!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கஜபதி சொல்லும் விதம் அப்படி, யாருக்கும் சிரிப்பு வரும்.

நடந்தது இது. கிழக்கு வங்க எல்லையில் எங்கள் படை முன்னேறிக்கொண்டிருந்தது. விடியற்காலை, பனி. பதுங்குகுழியில் இருந்தவர்களுக்கு நான் சாப்பாடு கொண்டுபோனேன். கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் எறிகுண்டு விழுந்தது. இடுப்பில் இரும்புத் துண்டு, முதுகில் தீப்புண். பெரிய மருத்துவமனையில்தான் கண் திறந்தேன். பெயர் கேட்டார்கள், சொன்னேன். என்ன வேலை என்று கேட்டார்கள், சமையல் என்றேன். அப்போதெல்லாம் பம்ப் அடிக்கிற ஸ்டவ் வெடித்து ஆள் அடிபடுவது உண்டு. சமையல்காரன் உடம்பில் இரும்பும் தீப்புண்ணும் இருந்தால் வேறு என்ன எழுதுவார்கள்? பின்தளத்துச் சமையற்கூடத்தில் ஸ்டவ் வெடித்தது என்று எழுதிவிட்டார்கள். ஒரு தாளை நீட்டினார்கள். கைநாட்டு வைத்தேன்.

பட்டாளத்தை விட்டு வரும்போதுதான் ஒருவர் அதைப் படித்துச் சொன்னார். பின்தளத்தில் இருந்ததாக எழுதியிருந்ததால் கிழக்குப் போர்முனை நட்சத்திரம் என்ற பதக்கம் எனக்கு இல்லை. எதிரியால் காயம் இல்லை என்பதால் காயம்பட்டவர்களுக்கான பதக்கமும் இல்லை. இல்லவே இல்லை, குண்டுதான் என்றேன். "நீதானப்பா கீழ கைநாட்டு வெச்சிருக்க" என்றார். சுதந்திர தினத்துக்கு எல்லாரும் பதக்கம் குத்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடப்பார்கள். நான் கடைசியில் நடப்பேன்.

இன்று வகுப்பில் டீச்சரிடம் இதைச் சொன்னேன். மனு போடலாம், பதிவைத் திருத்தலாம் என்றார். எனக்கு உட்கார முடியவில்லை.

அந்தப் பொய்க்குக் கீழே என் விரல் இருக்கிறது. அதை எடுக்க வேண்டும். அவ்வளவுதான். பதக்கம் வந்தால் சரி, வராவிட்டாலும் பரவாயில்லை.

இல்லை. வர வேண்டும்.

ஜூன் 24

கை வீங்கிவிட்டது. இன்று ஒரு வரி.

ஜூலை 3

டீச்சரோடு வேலூருக்குப் போனேன். வழி நெடுகச் சுவரைப் படித்துக்கொண்டே போனேன். மூலம், பௌத்திரம், வீட்டுமனை, வெற்றி நிச்சயம். உலகத்தில் எத்தனை பேர் எனக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஞானப்பிரகாசம் என்று ஒருவர். அவரும் பட்டாளத்தில் இருந்தவர், ஒரு காது கேட்காது. நான் பேசியதை நல்ல காதைத் திருப்பிப் பொறுமையாகக் கேட்டார். மனுவைப் படித்தார். கையெழுத்துக்காக நான் ஒரு வாரமாகப் பழகியிருந்தேன். பேனாவைத் திறந்தேன்.

"பேனா வேணாம் பெரியவரே. எடது கட்டவெரல குடுங்க."

"எனக்குக் கையெழுத்து வருங்க."

"வரும். ஆனா அங்க பழைய பதிவுல உங்க ரேகதானே கீது? அதுகூட ஒத்துப் பாத்தாத்தான் நீங்கன்னு நம்புவாங்க."

டீச்சருக்கு முகம் வாடிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேனாவைப் பிடிக்கக் கற்றுக்கொண்டு வந்தால் விரலைக் கேட்கிறார்கள்! சரி என்று வைத்தேன். பிறகு, பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறதே, கையெழுத்தும் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். ஞானப்பிரகாசம் யோசித்தார். "போடுங்க. இடம் சும்மாதானே கெடக்குது" என்றார்.

போட்டேன். நாலு பேருக்குப் போதுமான அளவுக்குப் பெரிதாக வந்துவிட்டது.

ஜூலை 30

பெரியாஸ்பத்திரியில் இடுப்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். வெள்ளையாகப் பொட்டு மாதிரி தெரிந்தது. "இன்னாங்க பெரியவரே இது?" என்றார் டாக்டர். "பாகிஸ்தான் சாமான் டாக்டர்" என்றேன். மறுபடி மறுபடி பார்த்தார், சிரித்தார். ஆனால் அது குண்டா ஸ்டவ்வா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதாம்.

வீட்டுக்கு வந்து புளிக்குழம்பு. கன்னியம்மா உப்பு அதிகம் என்றாள். ஐம்பது பேருக்குப் போட்ட கை, இரண்டு பேருக்குக் குறைக்கத் தெரியவில்லை.

செப்டம்பர் 19

பதில் வந்துவிட்டது! ஞானப்பிரகாசம் போனில் கூப்பிட்டார். நான் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தேன். தழையோடு பேருந்தில் ஏறிவிட்டேன். கண்டக்டர் இறக்கி வைக்கச் சொன்னார்.

"அன்னிக்கி உங்க படையில இடுப்புல குண்டுச் சிதறல் பட்டு முதலுதவி நெலயத்துக்கு வந்தவரு ஒரே ஒருத்தரு" என்றார் ஞானப்பிரகாசம். "ஆனா பேரு பொன்னுரங்கம் இல்ல. எத்திராஜுலுன்னு எழுதிக்கீது. காயத்துக்குப் பதக்கமும் அவருக்குத்தான் போயிருக்குது."

நான் மேசையைத் தட்டிச் சிரித்தேன். பக்கத்து அறையில் இருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"கோட்டு சார்! கோட்டு!"

அன்று சாப்பாட்டு வாளியோடு கால்வாயைக் கடக்கும்போது நான் விழுந்துவிட்டேன். சாப்பாட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காப்பாற்றிவிட்டேன், ஆனால் கோட்டு முழுக்க நனைந்துவிட்டது. பதுங்குகுழியில் இருந்த எத்திராஜு என் பல் கிட்டுவதைப் பார்த்துவிட்டுத் தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டான். ஆரணிப் பக்கத்து ஆள், எனக்கு நல்ல சேக்காளி. பட்டாளத்தில் ஒவ்வொருவர் துணியிலும் அவரவர் நம்பரைச் சாயத்தால் எழுதி வைப்போம். நான் நினைவில்லாமல் கிடந்தபோது முதலுதவி நிலையத்தில் கோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கோட்டுக்குள் இருந்தவனை யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் நான் சொல்லியிருக்க முடியாது.

"அவரு உயிரோட கீறாரா?" என்றார் ஞானப்பிரகாசம்.

"தெரியல சார்."

"இருந்தா நீங்க பொழச்சீங்க. கோட்டு எனுது, உள்ள இருந்தவன் நான் இல்லன்னு அவரு சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கணும். ஆனா ஒண்ணு, ஒரு காயத்துக்கு ரெண்டு பேரு இருக்க முடியாது. உங்க பேரு ஏறுனா அவரு பேரு எறங்கிடும்."

கடைசியாகச் சொன்னதை நான் அப்போது சரியாகக் காதில் வாங்கவில்லை. எத்திராஜுவைப் பார்க்கப் போகிறேன் என்பதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அக்டோபர் 6

ஆரணியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். அந்த ஊரில் எத்திராஜுலு வீடு எது என்று கேட்டேன்.

"குண்டடிபட்டவரு வூடா? கோயில் தாண்டி மூணாவது."

எனக்கு முன்னால் அந்தப் பெயர் அங்கே போய் உட்கார்ந்திருந்தது.

எத்திராஜு கட்டிலில் இருந்து எழுந்து நின்று என்னை உற்றுப் பார்த்தான். தலை முழுக்க நரை, அதே தொண்டை.

"அடப்பாவி, பொன்னுரங்கம்! எங்கடா என் கோட்டு?"

"ஆஸ்பத்திரில கத்திரியால கிழிச்சிட்டாங்கடா."

"அந்தக் குளுருல ஒரு மாசம் கோணிய சுத்திகினு நின்னேன்டா நானு! கோட்டத் தொலச்சிட்டியான்னு ஹவில்தார் வேற திட்டுனான்!"

இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்ததில் எனக்கு இருமல் வந்துவிட்டது. அவன் மருமகள் கோழி அடித்தாள். வயிறு நிறைந்த பிறகு நான் வந்த காரியத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவன் பேச்சு குறைந்தது. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பதக்கம் தொங்கியது. பக்கத்தில் கொடிக்கம்பத்தின் கீழே அவன் நிற்கிற படம்.

"யுத்தம் முடியசொல்ல என் காலுல மூங்கில் சிம்பு ஏறிச்சி, நீ அப்ப ஆஸ்பத்திரில கெடந்த. ரத்தம் கொட்டுச்சி, கட்டுப் போட்டாங்க. அப்பாலிக்கா ரெண்டு வருசம் கயிச்சிப் பார்சல்ல மெடல் வந்துச்சி. அடேங்கப்பா, சிம்பு குத்துனதுக்கே மெடல் தராங்களேன்னு நெனச்சேன். சத்தியமாடா. ஊருல கேட்டாங்க. சிம்புன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சி. குண்டுன்னேன்."

"அதனால இன்னாடா."

"குடியரசு தினம், சுதந்திர தினம், ரெண்டுக்கும் இந்த ஊருல நான்தான் கொடியேத்தறேன். என் பையன் கல்யாணப் பத்திரிகைலயே குண்டடிபட்ட வீரர்னு போட்டாங்க." பதக்கத்தைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. "நான் செத்த பொறவு எழுதிக்கடா பொன்னுரங்கம். ரொம்ப நாளு ஆவாது."

கோழிக்குழம்பு நன்றாக இருந்தது. கொஞ்சம் மிளகு குறைவு.

அக்டோபர் 7

மழை. கன்னியம்மா என்ன ஆயிற்று என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றான் என்றேன். அவன் சொல்வதும் நியாயம்தான். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

அக்டோபர் 8

மழை விட்டது. எனக்கு ஒன்றும் வருத்தமில்லை என்று நேற்று எழுதியிருப்பதைப் படித்தேன்.

நவம்பர் 2

டீச்சர் மனு என்ன ஆயிற்று என்று கேட்டார். மெதுவாகப் பார்க்கலாம் என்றேன். ஏன் நோட்டில் எழுதுவதில்லை என்று கேட்டார். ஆடு குட்டி போட்டிருக்கிறது என்றேன்.

ஜனவரி 20

எத்திராஜு போன் செய்தான்! குடியரசு தினத்துக்கு அவன் ஊரில் கொடியேற்றி எல்லாருக்கும் பொங்கல் போடுகிறார்களாம்.

"நீ வந்து செய்டா. உன் கைப் பொங்கலு தின்னு எவ்ளோ வருசமாச்சி."

நான் சரி என்று சொல்லிவிட்டேன். பெரிய அண்டாவைப் பார்த்து ரொம்ப நாள் ஆகிறது. நெய், மிளகு, முந்திரி எல்லாம் மனதிலேயே அளந்துவிட்டேன்.

கன்னியம்மாவுக்குக் கோபம். "அவன் கொடியேத்துவான், நீ அடுப்பு ஊதுவியா? மானம் கெட்டவனாய்யா நீ?"

"கூப்ட்டா போவாம இருக்க முடியுமாமே?"

பிறகு அவளே என் வெள்ளைச் சட்டையைத் துவைத்து நீலம் போட்டுக் காயவைத்தாள்.

ஜனவரி 27

நேற்று எழுத முடியவில்லை. ஊர் வந்து சேர இருட்டிவிட்டது. இன்று எழுதுவேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் அடுப்பு. முன்பக்கம் கொடிக்கம்பம். நடுவில் ஒரு குட்டைச் சுவர்தான். இருட்டு பிரிவதற்குள் அரிசி பருப்பு களைந்து உலை வைத்துவிட்டேன். கூட வேலை செய்தவர்கள் தமாஷான ஆட்கள். வெங்காயம் அரிந்துகொண்டிருந்த ஒருவர் என் நடையைப் பார்த்தார்.

"பெரியவரே, நீங்களும் எத்திராஜு அய்யாகூடப் பட்டாளத்துல இருந்தீங்களாமே. துப்பாக்கி புடிச்சீங்களா, கரண்டி புடிச்சீங்களா?"

"கரண்டிதான் தம்பி. துப்பாக்கிய தின்ன முடியாது பாரு."

"ஏன் சாஞ்சி சாஞ்சி நடக்குறீங்க? இடுப்புல இன்னா?"

எத்திராஜு அப்போது என்னைப் பார்க்கத்தான் பின்பக்கம் வந்துகொண்டிருந்தான். பதக்கம் எல்லாம் குத்தி, தொப்பி வைத்திருந்தான். அவன் ஊர், அவன் ஆட்கள். நான் என்ன சொல்வது?

"ஸ்டவ்வு வெடிச்சிடுச்சி தம்பி" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். "அய்யாவுக்கு குண்டு, இவருக்கு ஸ்டவ்வு!" என்றார் வெங்காயக்காரர். நானும் சிரித்துக்கொண்டே துடுப்பைப் போட்டுக் கிண்டினேன். திரும்பிப் பார்த்தபோது எத்திராஜு அங்கே இல்லை.

கொஞ்ச நேரத்தில் மைக்கில் அவனைக் கொடியேற்ற அழைத்தார்கள். நான் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். அவன் கம்பத்தடிக்கு வந்தான். கயிற்றைத் தொடவில்லை. மைக்கை வாங்கினான்.

"இந்தக் கயித்த புடிக்க வேண்டியவன் அங்க பின்னால பொங்கலு கிண்டிகினு கீறான்" என்றான்.

யாருக்கும் புரியவில்லை. ஊராட்சித் தலைவர் அம்மா, "இன்னா மாமா சொல்றீங்க?" என்றார்.

"எனக்கு குண்டடி படல. என் காலுல ஏறுனது மூங்கில் சிம்பு. மூங்கில் சிம்புடா! குண்டு பட்டது அந்த சமையக்காரனுக்கு. என் கோட்ட போட்டுகினு இருந்தான், அதனால மெடல் எனுக்கு வந்துச்சி. மூணு மாசம் முன்ன என் வூட்டுக்கு வந்து கேட்டான். நான் செத்த பொறவு எழுதிக்கன்னேன். அதுக்கு அவன் ஒரு வார்த்த பேசல. இப்ப நீங்க கேட்டதுக்கு என் மானம் போவக்கூடாதுன்னு ஸ்டவ்வுன்னு சொல்றான். என் காதாலயே கேட்டேன். இதுக்கு மேல அந்த மெடல நான் எப்படிடா குத்திகினு நிக்கறது?"

கூட்டத்தில் யாரோ, "அப்ப அம்பது வருசமா..." என்று ஆரம்பித்தார்கள். "ஆமாண்டா, அம்பது வருசமா! அப்பாலிக்கா வந்து திட்டுங்க. மொதல்ல அவனக் கூட்டியாங்க!" என்று மைக்கிலேயே கத்தினான்.

வெங்காயக்காரர்தான் என் கையிலிருந்து துடுப்பை வாங்கினார். வெங்காயமா வேறு எதுவா தெரியவில்லை, அவர் கண்ணில் தண்ணீர். என் கை முழுக்க நெய். வேட்டியில் துடைத்துக்கொண்டு போனேன். கயிறு வழுக்கியது. எத்திராஜு எனக்குப் பின்னால் நின்று கயிற்றின் வாலைப் பிடித்துக்கொண்டான். இழுத்தேன். கொடி விரிந்தது, பூ கொட்டியது. என் தலையில், அவன் தொப்பியில், எல்லாம் சாமந்தி.

பாட்டு முடிந்ததும் ஓடினேன். பொங்கல் அடி பிடித்துவிட்டது. நான் அடி பிடிக்கவிட்ட முதல் பொங்கல். ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை.

ஜனவரி 28

நடந்ததைக் கன்னியம்மாவிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை, "பொங்கல அடி புடிக்க வுட்டுட்டியா?" என்றாள். அதை மட்டும்தான் கேட்டாள். ஆனால் மூன்று தடவையும் எழுந்து போகவில்லை.

பிப்ரவரி 11

எத்திராஜு வேலூருக்கு வந்து ஞானப்பிரகாசத்தின் முன்னால் எழுதிக் கொடுத்தான். பதக்கத்தையும் மேசை மேல் வைத்தான். அது திருப்பி அனுப்பப்படும், அதில் அவன் பெயர் பொறித்திருக்கிறது, என் பெயர் பொறித்துப் புதிதாக வரும் என்றார் ஞானப்பிரகாசம். எத்திராஜுவின் ஊரில் ஒரு வாரம் அவனிடம் சிலர் பேசவில்லையாம். இப்போது அவன் வீட்டுக்கு மூங்கில் வீடு என்று பெயராம். "குண்டுக்கு மூங்கிலு தேவலடா, படுத்தா தூக்கம் வருது" என்றான்.

இரண்டு பேரும் பிரியாணி சாப்பிட்டோம். அரிசி ஒரு கொதி அதிகம்.

மே 8

வந்துவிட்டது!

தபால்காரர் கையிலிருந்தே வாங்கினேன். ஆங்கிலத்தில் இருந்தது. டீச்சர் வீட்டுக்கு வந்து படித்துச் சொன்னார். சமையற்கூட விபத்து என்று இருந்தது நீக்கப்பட்டது. எதிரியின் எறிகுண்டால் காயம் என்று சேர்க்கப்பட்டது. இரண்டு பதக்கங்களும் தனியே வரும். நான் இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். இன்னொரு முறை.

"எவ்ளோ எழுதிக்கீறான்?" என்று கேட்டாள் கன்னியம்மா.

"மூணு வரி."

"மூணே வரியா?"

தாளை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். செருப்புகூடப் போடவில்லை. நான் பின்னால் ஓடினேன். நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். கஜபதி வாசலில் சவரம் செய்துகொண்டிருந்தார். அக்கம்பக்கத்துப் பெண்களும் கூடிவிட்டார்கள்.

"டேய் கஜபதி. ஸ்டவ்வு ஸ்டவ்வுன்னியே, கேளு. கவுர்மெண்ட்டு எழுதிக்கீறான்" என்றாள். தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

அவளுக்கு எந்த எழுத்தும் தெரியாது. தாளில் அரசு முத்திரைச் சிங்கம் தலைகீழாக நின்றது.

"எழுபத்தோராம் வருசம், கார்த்திக மாசப் பனி. எதிர்ல நிக்கறவன் மூஞ்சி தெரியல. பொன்னுரங்கம்னு ஒருத்தரு பூரியும் உருளக்கெயங்கும் எடுத்துகினு போனாரு. கால்வாயில உயுந்தாரு, பூரிய நனைய வுடல. அங்க பஞ்சாபுக்காரப் பையன் ஒருத்தன், மீச மொளைக்காதவன். இன்னும் ரெண்டு பூரி கீதான்னு கேட்டான். இல்லன்னு சொல்ல மனசு வரல. இருடா தம்பி, எடுத்தாறேன்னு ஓடுனாரு. அந்த ஓட்டத்துலதான் குண்டு வுயுந்துச்சி..."

அந்தப் பையனைப் பற்றி இந்த நோட்டில்கூட நான் எழுதவில்லை. கல்யாணமான புதிதில் கன்னியம்மாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

கஜபதிக்கு ஆங்கிலம் தெரியும். பாதி சவரத்தோடு அவள் பின்னால் வந்து நின்று தாளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

அவள் மெதுவாகத்தான் படித்தாள், நான் எழுதுவது போல. ஒரு பக்கம் முடிந்ததும் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெறும் வெள்ளை.

அதையும் படித்தாள்.